முன் அளவுப்படி

அந்தத் தாளை எழுதி முடிக்கச் சின்னவளுக்கு ஒரு தம்ளர் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வீட்டு எண், தெரு, உள்ளறை ஏழடிக்குப் பத்தடி, சுவர்களில் மாற்றம் ஏதுமில்லை. கடைசி வரியில் 'நேரில் அளந்தது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அளவை அலுவலகத்தின் முத்திரையையும் குத்தினாள். மை காய்வதற்குள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மனநல மருத்துவமனைக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

டாக்டர் கேட்டது அது ஒன்றைத்தான். "உங்க அண்ணன் மத்த எல்லாத்துலயும் தெளிவா இருக்கார். இந்த ஒரு விஷயத்துலதான் பிடிவாதம். வீடு எப்பவும்போலத்தான் இருக்குன்னு ஒரு தாள் இருந்தா எனக்கு முடிவெடுக்க வசதி. நீங்களே சர்வேயர்தானே?"

சர்வேயர்தான். பதினோரு வருடமாக அந்த நகரத்தின் வீடுகளை அளப்பதே அவள் வேலை. ஆனால் அந்த வீட்டை அவள் அளக்கவில்லை.

அவளுடைய அண்ணன் தரைக்குக் கல் பதிக்கிறவன். வேலையிடத்தில் எல்லோரும் அவனை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி மிதக்குமே, அந்த மட்டம் பார்க்கிற கருவி. குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அவன் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். பேச்சிலும் அப்படித்தான். "சமையல் எப்படி?" என்று அண்ணி கேட்டால், "உப்பு ஒரு சிட்டிகை கூட" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவான். கல்யாணமான இரண்டாம் மாதமே அண்ணி கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "வீடு சுருங்குது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அந்தத் தரை அவன் கையால் போட்டது. ஓரடிக்கு ஓரடிக் கல், ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் பத்து, எழுபது கல்லில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. கல் வெட்டாமல் ஓர் அறை அமைவது லாட்டரியில் பரிசு விழுகிற மாதிரி என்பான். இப்போது ஜன்னல் பக்கத்து வரிசை மட்டும் முக்கால் கல்லாக இருந்தது. மீதிக் கால் சுவருக்கு அடியில் போயிருந்தது.

"அப்பவே வெட்டிப் போட்டிருப்பே. மறந்திருப்பே" என்றார்கள். அன்றைக்கு அவனுக்குக் கல் எடுத்துக் கொடுத்தவள் சின்னவள். ஒரு கல்லும் வெட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும், "இருக்கும்ணா" என்றாள்.

அதன் பிறகு அவன் வேலையும் கெட்டது. ஒரே தரையை நாலு தடவை அளந்தான். வீட்டுக்காரர்களிடம், "கல்லு நல்லாத்தான் பதிஞ்சிருக்கு. சுவரை மட்டும் கவனிச்சுக்கோங்க, நகரலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். எந்த மேஸ்திரி அப்புறம் கூப்பிடுவான்? கடைசியில் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உங்க வீட்டை ஒரு தடவை அளந்து பார்த்துக்கலாமா?" என்று கேட்க ஆரம்பித்தான். யாரோ புகார் கொடுத்தார்கள். இப்படித்தான் ஆஸ்பத்திரி வந்தது.

சின்னவள் ஏன் அளக்கவில்லை என்பதற்கு அவளே பல காரணங்கள் வைத்திருந்தாள். முதலாவது, அலுவலக வழக்கம். புதிதாக எதுவும் கட்டாத வீட்டை அங்கே யாரும் மறுபடி அளப்பதில்லை. பழைய கோப்பைப் புரட்டி, அதிலிருக்கும் எண்களை எடுத்தெழுதி, 'முன் அளவுப்படி' என்று ஒரு முத்திரை குத்தினால் முடிந்தது. "சுவர் எங்கேயும் ஓடிடாது. நாமதான் சாப்பாட்டு மணிக்கு ஓடணும்" என்பார் தலைமை அளவையர். அந்தச் சிரிப்பில் பதினோரு வருடம் அவளும் கலந்துகொண்டவள்தான். 

ஆனால் அண்ணன் தாளில் அவள் குத்தியது அந்த முத்திரை இல்லை. 'நேரில் அளந்தது' என்று தன் கையாலேயே எழுதினாள். அன்று காலை அவள் அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். டேப் பையில்தான் இருந்தது. அண்ணி கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து உள்ளறைக்குப் போய் டேப்பை இழுத்திருக்கலாம். இழுத்தால் பாதி நம்பியதாகிவிடும். அலுவலகத்தில் ஏற்கெனவே, "என்னம்மா, உங்க அண்ணன் வீட்டுக்குள்ள இன்னும் நிமிர்ந்து நிக்க முடியுதா?" என்று ஒருவர் கேட்டு, நாலு பேர் தேநீரைச் சிந்தியிருந்தார்கள். ரசமட்டத்தின் தங்கையும் வீட்டை அளந்தாளாம் என்ற பேச்சு வந்தால் அங்கே எப்படி உட்காருவது? அண்ணன் பைத்தியம் என்பதைத் தாங்கிக்கொள்ளலாம். தனக்கும் தொற்றிவிட்டது என்று நாலு பேர் பார்ப்பதைத் தாங்க முடியாது. உண்மையான காரணம் இதுதான். இதை மட்டும் அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் போனது. அண்ணனுக்குக் குணமாகிவிட்டது, வியாழக்கிழமை கடைசியாக ஒரு பேச்சு, சரியாக இருந்தால் அன்றே அழைத்துப் போகலாம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. புதன் மத்தியானம் அண்ணி ஃபோன் பண்ணினாள்.

"அவரோட சட்டைப் பெட்டி கட்டிலுக்கு அடியில சிக்கிக்கிச்சு. வந்து ஒரு கை பிடி."

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுச் சின்னவள் போனாள். உள்ளறைக் கதவு கொஞ்சம்தான் திறந்தது. ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது.

அந்த மரக்கட்டில் ஆறரையடி நீளம். ஏழடிச் சுவர்களுக்கு நடுவே போட்டால் கால்மாட்டில் அரையடி இடம் மிஞ்சும். அந்த இடத்தில்தான் அண்ணன் தன் பூச்சுக் கரண்டியையும் மட்டத்தையும் வைப்பான். இப்போது அங்கே இடமே இல்லை. தலைமாடு ஒரு சுவரிலும் கால்மாடு எதிர்ச்சுவரிலும் அழுந்தி, கட்டிலின் நடுப்பகுதி பூனை முதுகை வளைப்பதுபோல் மேலே எழும்பியிருந்தது. ஒரு பக்கச் சட்டத்தில் நீளமாக விரிசல்.

சின்னவள் கட்டிலைப் பிடித்து இழுத்தாள். சுவரோடு சேர்த்து அடித்த ஆணி மாதிரி அது அசையாமல் நின்றது. மறுபடி இழுத்தாள். பிறகு பையைத் திறந்து டேப்பை எடுத்தாள். மண்டி போட்டு ஒரு மூலையில் முனையை வைத்து மறுமூலைக்கு இழுத்தாள். எண்ணைப் பார்த்தாள். சுருட்டிவிட்டு இன்னொரு இடத்தில் இழுத்தாள். மூன்றாம் தடவையும் இழுத்து எண்ணைப் பார்த்தாள்.

வாசற்படியில் அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"ஆறடி நாலு அங்குலம்."

"போன மாசம் ஆறடி அஞ்சு."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணி அலமாரிக்குள் கையை விட்டு ஒரு நூல்கண்டை எடுத்துக் காட்டினாள். வெள்ளை நூல். அளந்த ஒவ்வொரு தடவைக்கும் மையால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"நான் குடியிருக்கிற வீடுடி. தெரியாம எப்படி? நாலு மாசத்துல மேஜையை மூணு தடவை நகர்த்திட்டேன்."

"அப்ப ஏன் யார்கிட்டயும்…"

"யார்கிட்ட? அவரைக் கொண்டுபோனவங்ககிட்டயா? வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்னு வாயை மூடிக்கிட்டேன்." அண்ணி நூலை மறுபடி கண்டில் சுற்ற ஆரம்பித்தாள். "அதுக்கும் மேல, நீ அளந்து எழுதிக் கொடுத்திருந்தே. படிச்சவ. முத்திரை வேற. என் நூல் பெருசா, உன் முத்திரை பெருசா? எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கண் டாக்டர்கிட்டகூடப் போனேன். கண்ணாடி போடச் சொன்னார்."

அப்போதுதான் சின்னவள் கவனித்தாள், அண்ணி மூக்கில் புதுக் கண்ணாடி.

"நான் அளக்கல அண்ணி" என்றாள். குரல் தரையைப் பார்த்துத்தான் வந்தது. "அன்னைக்கு அளக்கவே இல்லை. பழைய கோப்பைப் பார்த்து எழுதினேன்."

அண்ணி நூல் சுற்றுவதை நிறுத்தினாள். கத்துவாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தியே" என்றாள் அண்ணி. "ரெண்டாவது தம்ளர்கூடக் கேட்டு வாங்கிக் குடிச்சியே."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியின் பார்வையாளர் அறையில் அண்ணன் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். அங்கே மேஜைகளையெல்லாம் தரையோடு திருகாணியால் முடுக்கி வைத்திருந்தார்கள். வழக்கமாக இப்படி ஓர் அறைக்குள் வந்தால் அவன் கண் முதலில் தரையில் கல் வரிசை நேராக இருக்கிறதா என்றுதான் போகும். இப்போது அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"வா சின்னவளே. குணமாயிட்டேன், தெரியுமில்ல?"

"சொன்னாங்கண்ணா."

"முதல்ல ஒரு மாசம் ரொம்ப முரண்டு பிடிச்சேன். சுவர் நகருதுன்னா நகருதுதான்னு. அப்புறம் ஒருநாள் டாக்டர் உன் தாளைக் காட்டினாரு. ஏழுக்குப் பத்து. நேரில் அளந்தது. உன் கையெழுத்து." அவன் சிரித்தான். "அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைச்சுது. ஊர்ல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லலாம். என் தங்கச்சி தப்பா அளக்க மாட்டா. அப்ப தப்பு என் தலைக்குள்ளதான் இருக்கணும். தினமும் தூங்கறதுக்கு முன்னாடி அதைத்தான் நினைச்சுக்குவேன். நீ மண்டி போடறே, டேப்பை இந்த மூலையில வைக்கறே, அந்த மூலைக்கு இழுக்கறே, ஏழடி. அப்படி நினைச்சா மனசு சமமாயிடும். மாத்திரையைவிட அதுதான் கேட்டுது."

சின்னவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிடுவார். வீடு சரியாக இருக்கிறது என்று அண்ணன் மனதார நம்பிச் சொல்வான், வெளியே வந்துவிடுவான். வந்த பிறகு அந்தக் கட்டிலைப் பார்ப்பான். தான் மறுபடி பைத்தியமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வான். தனியாக, அந்த அறைக்குள் நின்றுகொண்டு.

"அண்ணா, நான் அளக்கல."

"என்னது?"

"அந்தத் தாள் பொய். நான் அளக்கல. நேத்துத்தான் அளந்தேன். வீடு சுருங்கியிருக்கு. நீ சொன்னதுதான் சரி."

பக்கத்து மேஜையில் ஒரு அம்மா தன் மகனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அந்தத் தோலையே பார்த்தான்.

"ஏன் சொன்னே?" என்றான் கடைசியில்.

"சொல்லாம இருக்க முடியல."

"உனக்கு முடியல. சரி." அவன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பைத்தியம்னா அதுக்கு ஒரு மருந்து இருந்துச்சு சின்னவளே. சாப்பிட்டேன், குணமாச்சு. வீட்டுக்கு நான் என்ன மருந்து கொடுக்கறது?"

'என்னைத் திட்டு' என்று மட்டும் அவளுக்குக் கேட்கத் தோன்றியது. அதையும் தனக்காகத்தான் கேட்கிறோம் என்று உடனே தெரிந்து வாயை மூடிக்கொண்டாள்.

நர்ஸ் வந்து இருவரையும் அழைத்துப் போனார்.

டாக்டர் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நலம் விசாரித்துவிட்டு, சாதாரணமாக, "அப்புறம், வீடு எப்படி இருக்கு?" என்றார்.

அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான்.

"முந்தாநாள் வரைக்கும் அழகா சொன்னீங்களே."

பொய் சொல்லத் தெரியாத வாயில் கேள்வி மாட்டிக்கொண்டு நின்றது. சின்னவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

"டாக்டர், தப்பு என்மேல. நான் கொடுத்த தாள் பொய். வீடு உண்மையாவே சுருங்குது. எட்டு அங்குலம் போயிருக்கு."

டாக்டர் பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அண்ணனிடம் பேசுகிற அதே மென்மைதான் வந்தது.

"எப்பலேர்ந்து உங்களுக்கு இப்படித் தோணுது?"

"தோணல டாக்டர். அளந்தேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

அவர் பென்சிலை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

"அண்ணியும் அளந்திருக்காங்க" என்றாள். "நூல் வச்சு."

"நூல் வச்சு" என்றார் டாக்டர்.

அவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. "நீங்களே வந்து பாருங்க. பேருந்துல கால்மணி நேரம்தான். கட்டில் வளைஞ்சு கிடக்கு."

"அம்மா, போன வாரம் ஒருத்தர் அவர் வீட்டுக் கிணத்துலேர்ந்து குரல் கேக்குதுன்னார். நான் கயிறு கட்டி இறங்கிப் பார்க்கவா முடியும்?" சிரித்துவிட்டு டாக்டர் தணிந்த குரலில் சொன்னார். "இது சில குடும்பங்கள்ல நடக்கறதுதான். பாசம் அதிகமா இருந்தா, ஒருத்தர் பார்க்கறதை இன்னொருத்தரும் பார்க்க ஆரம்பிப்பாங்க. நீங்க ஒரு ரெண்டு நாள் இங்கேயே தங்கி ஓய்வெடுத்தா நல்லதுன்னு நினைக்கிறேன்."

கதவோரம் நின்ற நர்ஸ் ஓரடி முன்னால் வந்தார்.

"டாக்டர்" என்றான் அண்ணன். "வீடு சரியாத்தான் இருக்கு."

சின்னவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"அந்த ஜன்னல் வரிசையை நான்தான் வெட்டிப் போட்டேன். அளவு சரியா வரல. வெட்டினேன். அப்புறம் ஒரு கல்லுகூட வெட்டாம போட்டேன்னு போற இடமெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாயிடுச்சு." அவன் குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. எங்கிருந்து வந்தது இந்தத் திறமை என்று அவள் திகைத்தாள். "இவ சின்னதுலேர்ந்தே நான் எது சொன்னாலும் நம்பற பொண்ணு. இப்ப வெளியில உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தமா, என்னைப் பார்த்ததும் மனசு இளகிடுச்சு. எனக்கு ஆதரவா ஏதாவது சொல்லணும்னு சொல்லிட்டா."

டாக்டர் அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

இல்லை என்று சொன்னால் இருவரும் உள்ளே இருக்க வேண்டியதுதான். அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால், பிற்பாடு எத்தனை முறை யோசித்தபோதும், அந்த நேரத்தில் தான் அண்ணனுக்காகத்தான் பயந்தோம் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கதவோரம் நின்ற நர்ஸின் செருப்புதான் கண்ணில் நின்றது.

"ஆமாம் டாக்டர்" என்றாள். "ஏழடிதான்."

"தாள்ல இருக்கறதுதான் சரி?"

"தாள்ல இருக்கறதுதான் சரி."

டாக்டர் எழுதியதை ரப்பரால் அழித்தார். ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "பொறுப்பாளர்னு போட்டிருக்கிற இடத்துல கையெழுத்துப் போடுங்க. இனிமே எப்பவாவது இவர் வீடு சுருங்குதுன்னு சொன்னா, நீங்கதான் உடனே கூட்டிக்கிட்டு வரணும்." அவள் போட்டாள். எழுத்து கோணலாக விழுந்தது. அண்ணன் தலை குனிந்து தன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பேருந்து நிறுத்தத்தில் செய்தித்தாள் படிக்கும் ஒரு வழுக்கைத் தலைக்காரரும் குடை வைத்திருந்த ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் பையைக் காலடியில் வைத்தான்.

"இப்ப எத்தனை இருக்கு?" என்றான்.

சின்னவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்து, "ஆறடி நாலு" என்றாள்.

அவன் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "யாரோ ஓடிப்போன சேதி மாதிரி காதுல சொல்றே."

"ஆளுங்க இருக்காங்கண்ணா."

"இருக்கட்டும். நான் இனிமே வாயைத் திறக்க முடியாது. கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கே. திறந்தா நீயே கொண்டுபோய் விடணும்." அவன் கோபமாகப் பேசவில்லை. கல் வேலைக்கு வந்த ஆளிடம் வேலை சொல்வதுபோல்தான் சொன்னான். "எனக்குப் பதிலா இனி நீதான் சொல்லணும். கேக்கற மாதிரி சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். டாக்டரிடம் ஏழடி என்று சொன்ன வாய் அது. எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க வீட்டு உள்ளறை எட்டு அங்குலம் சுருங்கியிருக்கு."

குடைப் பெண் ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். சின்னவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. வழுக்கைத் தலைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

"ஜன்னல் பக்கமா, வாசல் பக்கமா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"ஜன்னல் பக்கம்" என்றாள் அவள்.

"எங்களுக்கு வாசல் பக்கம்." அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். "அலமாரியை வெளியே எடுத்துப் போட்டுட்டோம். வீட்டுக்காரி யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னுட்டா. நானும் கேக்காம, அளவை ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு முத்திரை குத்தி ஒரு தாள் வந்துச்சு. அதுக்கப்புறம் எங்களுக்கே எங்கமேல சந்தேகம். படிச்சவங்க அளந்து எழுதினதை நாம எப்படி இல்லைங்கறது?"

பேருந்து வந்து நின்றது. குடைப் பெண் மட்டும் ஏறினாள். மற்ற மூவரும் அப்படியே இருக்க, பேருந்து போய்விட்டது.

"எந்தத் தெரு?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஏம்மா?"

"யாரும் அளக்கல. அந்தத் தாளை எழுதினது நானா இருக்கலாம். எந்தத் தெருன்னு சொல்லுங்க."